கட்டில் ஆடியதற்குச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நாம் சேர்ந்து பார்த்த 'ஷெய்தான்' திரையிடலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதில் கட்டில் ஆடும் காட்சியைக் கேலி செய்யும் அந்த மீமை எனக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

'ஷெய்தான்', 1974. பேய் பிடித்த சிறுமியைப் பற்றிய ஹாலிவுட் படம் 'எக்ஸார்சிஸ்ட்'டின் துருக்கி நகல். அனுமதியும் இல்லை, உரிமையும் இல்லை. அதில் வரும் 'ட்யூபுலர் பெல்ஸ்' இசையைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரியும். கட்டில் ஆடியபோது விசிலடித்துச் சிரித்தீர்களே, படத்தை எடுத்தவர் யார் என்று ஒருவராவது பார்த்தீர்களா? மெதின் எர்க்சான். 1964இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய மனிதர்!

இஸ்தான்புல்லின் யெஷில்சாமில், அதாவது துருக்கியின் கோடம்பாக்கத்தில், அப்போது வருடத்துக்கு 300 படம்வரை எடுத்துத் தள்ளினார்கள். காசு கிடையாது, பிலிம் சுருளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். அதற்குள்ளும் எர்க்சான் யோசித்திருக்கிறார். பாதிரியாரின் தீர்த்தம் இருந்த இடத்தில் மெக்காவின் ஜம்ஜம் தண்ணீர் வருகிறது. கிறிஸ்தவ ஜெபம் போய்க் குர்ஆன் வருகிறது. அந்த ஊர்ப் பாட்டி பயப்பட வேண்டுமே, அதற்கு. இது சிரிக்கிற விஷயமா?

'உலகத்தைக் காப்பாற்றியவன்' என்று இன்னொரு துருக்கிப் படத்தில், 1982இல், 'ஸ்டார் வார்ஸ்' துண்டுகளை வெட்டி ஒட்டினார்களே என்பீர்கள். அதன் கதாநாயகன் ஜூனெய்த் அர்கின் காலில் பாறையைக் கட்டிக்கொண்டு குதிப்பார். அது வேறு கேஸ். அதற்கு நானும்தான் சிரித்தேன்.

'அப்போ திருட்டுக்கு வக்காலத்தா?' என்று ஒருவர் வருவார். வாருங்கள். போன மாதம் இத்தாலி இயக்குநர் செர்ஜியோ லியோனேவின் கவ்பாய் படத்துக்குக் கைதட்டினோமே, அது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ'வைக் கேட்காமல் எடுத்தது. வழக்காகி, வசூலில் 15 சதவீதம் கொடுத்துத்தான் தீர்ந்தது. அங்கே ஏன் யாரும் சிரிக்கவில்லை? படம் பளபளப்பாக இருந்தால் மேதை, செட் ஆடினால் கோமாளி, அப்படித்தானே? அவ்வளவு ஏன், 'மிஸஸ் டவுட்ஃபயர்' இல்லாமல் நம் 'அவ்வை சண்முகி' ஏது? அதை டிவியில் போடும்போதெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

என் அப்பா தையல்காரர். தீபாவளி நெருங்கினால் சினிமா போஸ்டரைப் பார்த்துப் பார்த்தே கதாநாயகனின் சட்டையை வெட்டுவார். போஸ்டரில் இருப்பது பட்டு, இவர் கையில் இருப்பது பாலியஸ்டர். லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த ஓர் அண்ணன், கடை வாசலில் அந்தச் சட்டையின் காலரைத் தூக்கிப் பிடித்து, கூட வந்தவர்களுக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அப்பா நிமிரவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். சட்டைக்குள் இருந்தவன் நான்.

அந்த மீமை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.