தண்ணியில கண்டம்னு சொன்ன ஜோசியருக்கு

எனக்கு ஏழு வயசுல ஒரு ஜோசியர் "பையனுக்கு தண்ணியில கண்டம்"னு சொல்லிட்டாரு. அதோட முடிஞ்சுது. பொறந்தது திருவையாறு, வீட்டுக்கும் காவேரிக்கும் ரெண்டு தெருதான் தூரம், ஜூன்ல மேட்டூர் தொறந்து தண்ணி வந்தா பசங்க எல்லாம் புஷ்யமண்டப படித்துறையில குட்டிக்கரணம் அடிப்பானுங்க, நான் கரையில உக்காந்து அவனுங்க சட்டைக்கு காவல் காப்பேன். நாப்பத்தொரு வயசு வரைக்கும் நீச்சல் தெரியாது.

அப்புறம் 2020 வந்துச்சு. நாங்க இருக்கிற சிங்கப்பூர்ல ஏப்ரல் 7 சர்க்யூட் பிரேக்கர், அதாவது கொரோனா ஊரடங்கு, அதுக்கு முன்னாடியே மார்ச் 18ல மலேசியாவுல இருக்கிற ஜேபிக்கு (ஜோகூர் பாரு) போற பாலத்த மூடியாச்சு, மாசம் ரெண்டு தடவ அங்க போய் சாப்பிட்டுட்டு வர்ற குடும்பம் நாங்க, ஊருக்கும் போக முடியல, நாலு சுவத்த பாத்துட்டு உக்காந்திருந்தோம். ஜூன் 19க்கு அப்புறம் அஞ்சு பேர் வரைக்கும் சேந்து வெளிய போகலாம்னு தளர்த்துனாங்க. அந்த வருஷக் கடைசியில உள்ளூரையே சுத்திப் பாருங்கன்னு பதினெட்டு வயசான சிட்டிசனுக்கெல்லாம் 100 வெள்ளி வவுச்சர் வேற குடுத்தாங்க (நாங்க பிஆர், அதாவது நிரந்தரவாசி, எங்களுக்குக் கிடையாது, சரி விடுங்க).

எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ ஓடுறது காலாங் ஆறு. பன்னெண்டு வருஷமா எம்ஆர்டி ரயிலுக்கு ஓடும்போது தாண்டிப் போற ஏதோ ஒரு தண்ணி, அவ்வளவுதான் எனக்கு. பத்து கிலோமீட்டர், சிங்கப்பூரோட நீளமான ஆறே அதுதான்னு பொண்ணு சொல்லித்தான் தெரியும். கயாக்ங்கிற சின்ன துடுப்புப் படகு கிளாஸ்ல என்னையும் சேத்து பேரு குடுத்ததும் அவதான்.

முதல் நாளே படகக் கவுத்தாங்க. நெசமாவே, அதுதான் பாடம். தலைகீழா தொங்கிட்டு, ரெண்டு கையாலயும் விளிம்பத் தள்ளி, காலை உருவிட்டு வெளிய வரணும். மூக்குல தண்ணி ஏறி, கண்ணுல பச்சையா ஒண்ணுமே தெரியல, எனக்கு அந்த ஜோசியர் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. மூணு செகண்ட் இருக்குமா? லைஃப் ஜாக்கெட் அதுவே தூக்கி மேல போட்டுருச்சு. முப்பத்தி நாலு வருஷமா பயந்த கண்டம் மூணு செகண்ட்ல முடிஞ்சு போச்சுங்க.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஆறு அகலமாகுற காலாங் பேசின் நல்ல இடம், 2008ல மரீனா அணைக்கட்டு வந்ததுல இருந்து கடல் ஏத்தவத்தமே கிடையாது, காத்து மட்டும்தான் கொஞ்சம் படுத்தும். துடுப்ப தூக்கும்போதெல்லாம் தண்ணி வழிஞ்சு சட்டைக் கைக்குள்ள போய் முழங்கை வரைக்கும் நனையும், கட்டைவிரல் இடுக்குல கொப்புளம் வரும். 1937ல காலாங் ஏர்போர்ட் தொறந்தப்போ கடல் விமானமெல்லாம் இதே தண்ணியிலதான் எறங்குச்சாம். ஒருநாள் காலையில நீர்நாய்க் கூட்டம் ஒண்ணு மீன நறநறன்னு கடிச்சிட்டே எங்களக் கடந்து போச்சு, நாங்க துடுப்ப மடியில வெச்சுட்டு அசையாம உக்காந்திருந்தோம்.

எனக்கு கோவம் எதுலன்னா, புள்ளைங்கள தண்ணிகிட்டயே விடாம வெச்சிருந்தா போதும்னு நம்ம வீடுகள்ல நெனைக்கிறோம். லீவு விட்டா ஆத்துக்கும் குளத்துக்கும் போன பசங்க மூழ்கிட்டாங்கன்னு வருஷா வருஷம் பேப்பர்ல வருது, அதுல யாருக்காவது முறையா நீச்சல் சொல்லிக் குடுத்திருப்பாங்களா? பரிகாரத்துக்கு செலவழிச்ச காசுல பாதிக்கு எனக்கு அப்பவே நீச்சல் கத்துக் குடுத்திருக்கலாம்மான்னு போன்ல சொன்னேன். அம்மா ரெண்டு நாள் பேசல.

மூணாவது நாள் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் வந்துச்சு. நான் அனுப்பின போட்டோவ பெருசாக்கிப் பாத்திருக்காங்க. "டேய், அந்த ஆரஞ்சு ஜாக்கெட்ல கீழ் பட்ட தொங்குது பாரு, இழுத்துக் கட்டு. பாப்பாவுக்கும் பாரு."