நிலாவைச் சுற்றிய வட்டம்

சம்பா அறுத்துக் களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. நேற்று ராத்திரி காவலுக்கு நானும் பெரியப்பாவும் படுத்திருந்தோம். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம். "அகல வட்டம் பகல் மழைடா, தார்ப்பாயை இழுத்து மூடு" என்றார். எழுந்து மூடினோம்.

ஒருநாள் நீங்களும் பாருங்கள். கையை முழுசாக நீட்டி, கட்டைவிரலை நிலாமேல் வைத்து விரல்களை விரித்தால் சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட அந்த வட்டத்தைத் தொடும். அந்தக் கோணம் 22 டிகிரி. ஆறு பட்டை கொண்ட பனிப்படிகங்கள் ஒளியை வளைக்கும் கணக்கு அது. நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன வட்டம் பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தால் வருவது. பனிமேகத்தின் அகல வட்டம், நீர்மேகத்தின் சின்ன வட்டம் இரண்டையும் நம் ஆட்கள் வெறும் கண்ணாலேயே பிரித்திருக்கிறார்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வரும்போது அதன் உச்சியிலிருந்து விசிறிபோல விரியும் பனிமேகம், மழைக்கு முன்னாலேயே நம் தலைக்கு மேல் வந்துவிடும்.

திருப்பதி பக்கம் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998 முதல் லேசரை வானத்துக்கு அனுப்பி, பனிமேகமா நீர்மேகமா என்பதைத்தான் அளக்கிறார்கள். உருண்டைத் துளியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசை அவ்வளவாக மாறாது. பட்டை பட்டையான பனியில் பட்டால் மாறிவிடும். எவ்வளவு உயரம், எவ்வளவு தடிமன் என்பதும் தெரிந்துவிடும். நம் பக்கத்து வானத்தில் இந்தப் பனிமேகங்கள் 10 கிலோமீட்டருக்கு மேலே, சில நேரம் 16, 17 வரைக்கும்கூட இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியவையும் உண்டு.

மேகம் என்றால் நிழல், குளிர்ச்சி என்றுதான் நினைக்கிறோம். மெல்லிய பனிமேகம் அப்படி இல்லை. வெயிலைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும், தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ராத்திரியில் தடுக்க வெயிலே கிடையாது, பிடித்துவைப்பது மட்டும்தான். ராத்திரிச் சூடு நெல்லுக்கு ஆகாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 2004 ஆய்வு, இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் வறண்ட பருவ விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. உலகம் சூடாகச் சூடாக இந்த மேகங்கள் கூடுமா, குறையுமா என்பது ஆகவே நம் வயல் விஷயமும்தான்.

அதற்கு வருஷக்கணக்காக விடாமல் அளக்க வேண்டும். மேலிருந்து லேசரால் மேகங்களை அளக்க 2006-ல் ஏவிய கலிப்சோ செயற்கைக்கோள் 2023-ல் ஓய்ந்தது. அதே வேலையைச் செய்யும் எர்த்கேர் செயற்கைக்கோள் 2024 மே மாதம்தான் போனது. நடுவே ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளி. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. செயற்கைக்கோளும் ஒரு இடத்தைக் கடந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும், நம் வயலுக்கு மேலேயே நின்று ராத்திரி முழுக்கப் பார்க்காது. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஒரு கல்லூரியில் இப்படி ஒரு லேசர் கருவி வைக்க வேண்டும். பக்கத்திலேயே வயலின் இரவு வெப்பத்தையும் குறித்து வரட்டும். நம் பிள்ளைகளே அளக்கட்டும்.