அதுக்கு வலிக்காதாம்

டீக்கடை நாய் மேல வெந்நீர் ஊத்துன வீடியோவ எல்லாரும் பாத்திருப்பிய. மறுபடி போட எனக்கு மனசு இல்ல. ஊத்துனவன விடுங்க. கீழ வந்து "நாய்க்கெல்லாம் நம்மள மாதிரி வலிக்காதுடே, தோல் கெட்டி"ன்னு ஒருத்தர் எழுதுனதும், அதுக்கு அத்தன பேர் சிரிச்சு வச்சதும்தான் வயித்தெரிச்சல்.

நம்மள மாதிரியேவான்னா, தெரியாது. நாய்க்குள்ள போயிட்டு வந்தவன் எவனும் இல்ல. ஆனா "மாதிரி இல்ல"ங்கதும் "இல்ல"ங்கதும் ஒண்ணா? மாட்டுக்கு டைக்குளோபினாக் ஊசி எதுக்குப் போட்டாங்க? நம்ம மூட்டுவலிக்குத் திங்குத அதே மருந்து. ஊசி போட்ட மாடு செத்து, அதத் தின்ன கழுகெல்லாம் கூட்டங்கூட்டமாச் செத்த பொறவுதான 2006ல அத மாட்டுக்குப் போடத் தடை வந்துச்சு. மருந்து கேக்குது, வலி மட்டும் கிடையாதாக்கும்!

1980கள் வரைக்கும் மேல்நாட்டுல பச்சப்பிள்ளைகளுக்கே சரியா மயக்க மருந்து கொடுக்காம ஆபரேசன் பண்ணிருக்காங்க. அதுக அழுதது வெறும் அனிச்சையாம். படிச்ச டாக்டர்களே சொன்னது. நாய் எம்மாத்திரம்.

தாத்தாவோட மயிலக்காளைக்குக் காயடிச்சப்ப எனக்கு ஒம்பது வயசு. நாலு பேர் கயிறு போட்டுச் சாய்ச்சு, கிட்டி வச்சு நசுக்குனாங்க. அது கத்தல. கண்ணுத் தண்ணி மட்டும் கன்னத்துல கோடு போட்டுச்சு. "பாத்தியாலே, சத்தமே இல்ல, வலிக்காது"ன்னாரு பக்கத்து வீட்டுக்காரரு. மேயுத ஜாதி நோவ மறைக்கும், நொண்டுறது தெரிஞ்சா புலி அதத்தான் முதல்ல புடிக்கும்னு பின்னால ஒரு மாட்டு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு யாரும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி சோறு வேண்டாம்னுட்டு தொழுவத்துலயே படுத்துக்கிட்டாரு.

"நீ கறி திங்கலையா, கொடைக்குக் கிடா வெட்டலையா?" வந்துருவிய, தெரியும். திங்கேன். சுடலைக்கு எங்க வீட்டுலயும் கிடா உண்டு. இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆனா வெட்டுதவன்கூட ஒரே வெட்டா விழணும்னு அருவாளத் தீட்டிட்டுத்தான வாரான்? அது எதுக்காம்?

"போலீஸ்ல சொல்லு"ங்காங்க. 1960 மிருகவதைச் சட்டத்துல முதல் தடவைக்கு அபராதம் 10லருந்து 50 ரூவா. அதே கடையில ரெண்டு டீ, ரெண்டு வடை.

"வலிக்காதுடே"ன்னு எழுதுனவரு எனக்கு மாமா முறை. அதான் இவ்வளவு நோவுது. போன மாசம் கல்லடைப்புன்னு துடிச்சப்ப ஆஸ்பத்திரில விடிய விடிய கூட இருந்தேன் மாமா. நர்ஸ் வார வரைக்கும் என் கையப் புடிச்சு நெரிச்சிய. வலிக்குதுன்னு சொன்னிய, நம்புனேன். ஒரு கேள்வி கேட்டனா?