ஆறு நிமிடம் நீளம் அன்று

ஜாஸ் கலைஞர்கள் அறுபது விநாடித் துணுக்குகளைப் பதிவேற்றினாலே இரசிகர் கூடிவிடுவர் என்று அண்மையில் வாசித்த ஒரு கட்டுரை கூறும் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எனக்கு ஜாஸ் இசையை நேரில் கேட்க வேண்டுமென்றால் கோலாலம்பூருக்கோ பினாங்கிற்கோ செல்ல வேண்டும். ஆகவே காணொளிதான் எனக்கு அரங்கம். கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிகளால் சாக்ஸபோன் மீது ஏற்பட்ட விருப்பமே (அவர் வாசித்தது கர்நாடக இசைதான்) என்னை ஜாஸ் பக்கம் இழுத்தது.

காணொளியின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. பாலித் தீவில் பிறந்த ஜோயி அலெக்சாண்டர் என்னும் சிறுவனின் பியானோ வாசிப்பை யூடியூப்பில் கண்ட அமெரிக்க ஜாஸ் எக்காளக் கலைஞர் விண்டன் மார்சாலிஸ், 2014-இல் அவனை நியூயார்க்கிற்கு அழைத்து மேடையேற்றினார். அப்போது அவனுக்கு வயது பத்துதான். ஆனால் ஜாஸில் முதலில் பல்லவி போன்ற மெட்டு வந்து, பின்னர் ஒவ்வொருவரும் அதே சுர அடுக்குகளின் (கார்டுகளின்) வரிசைமீது தத்தம் கற்பனையை விரித்து, இறுதியில் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவதே வழக்கம் என்பதால், நடுவிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு வேகத்தைக் காட்டுமேயன்றி எதிலிருந்து விலகி எங்கே திரும்பினார் என்பதைக் காட்டாது. ஆலாபனையின்றிக் கற்பனைச் சுரத்தை மட்டும் கேட்பது போன்றது அது. துணுக்கின் கீழேயே ஆறு நிமிட முழுப் பாடலின் இணைப்பையும், பாஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் தந்திக் கருவி), டிரம்ஸ் வாசித்தவர்களின் பெயர்களையும் சேர்க்கலாமே. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பாஸ் ஏறத்தாழக் கேட்பதே இல்லை, பெயராவது இருக்கட்டும்.