டெஸ்ட் லேம்ப்பை எடுக்காமலே ‘மோட்டார் போச்சு’ என்பது எந்த ஊர் நியாயம்?

வைப்பர் ஓடவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்." எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தீர்களா? டெஸ்ட் லேம்ப்பை, அதாவது கரண்ட் வந்தால் எரிகிற, கிளிப்பும் ஊசியும் உள்ள சின்ன விளக்கை வைத்து, மோட்டாரின் சாக்கெட் வரை கரண்ட் வருகிறதா என்றாவது பார்த்தீர்களா? ஒன்றும் கிடையாது. சுவிட்சைப் போட்டார், ஓடவில்லை, உடனே பார்ட்ஸ் கடைக்கு போன். வயிறு எரிகிறது.

நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். சேலத்துக்கு இறங்கி ஏறாமல் எங்களுக்கு ஒரு வேலையும் நடக்காது. அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூட்டமும் சேர்ந்து இறங்கினால், எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணாடியில் வெள்ளையாகக் கலங்கித்தான் தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். இந்த ரோட்டில் வைப்பர் பிரேக்குக்குச் சமம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 101-ஆவது விதியே வைப்பருக்காகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை இவர்கள் குத்துமதிப்பாக ரிப்பேர் பார்க்கிறார்கள்.

சேலத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். என் வண்டியின் வைப்பர் நின்றபோது அங்கேதான் புது மோட்டார் போட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம், கொட்டுகிற மழையில் பாதி மலை ஏறியிருக்கும்போது நின்றது. பின்சீட்டில் அம்மா. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நனைந்துகொண்டே "இடது பக்கம் ஒட்டிப் போங்க, இன்னும் கொஞ்சம்" என்று வழி சொல்ல, அடுத்த வளைவில் அகலமான இடம் வரும்வரை ஊர்ந்து போனோம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி இல்ல சார். வேணும்னா இன்னொன்னு போட்டுப் பார்க்கலாம்" என்கிறார்கள். போட்டுப் பார்க்கலாமா? யார் காசில் போட்டுப் பார்ப்பது? யார் உயிரில் போட்டுப் பார்ப்பது?

அங்கிருந்து நேராக செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர். என்ன ஆச்சு, எப்போது நின்றது, மழையிலா வெயிலிலா, நிற்கும் முன் மெதுவாக ஓடியதா என்று முதலில் கேள்வி கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவரைத் தூக்கினார். உள்ளே பார்த்தால் மக்கிப்போன சில்வர் ஓக் இலை. எங்கள் பக்கம் காபித் தோட்டத்துக்கு நிழலே சில்வர் ஓக்தான், வண்டி நிற்பதும் அதன் அடியில்தான். சீப்பு மாதிரி கிழிந்த அந்த இலைகள் ஊறி, சேறாகி, தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்திருந்தன. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தகரத்தில் பழுப்பாகக் கோடே விழுந்திருந்தது. மோட்டாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் போல்ட் அந்தக் கோட்டுக்குக் கீழே.

டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, சுவிட்சைப் போடச் சொல்லி, சாக்கெட்டில் ஊசியை வைத்தார். எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. டெஸ்ட் செய்து பார்க்கிற மெக்கானிக்குகளும் இதோடு நிறுத்திக்கொண்டு மோட்டாரின் மேல் பழி போடுவார்கள். இவர் கிளிப்பை பாசிட்டிவுக்கு மாற்றி, ஊசியை மோட்டாரின் உடம்பில் வைத்தார். எரியவில்லை. "எர்த் இல்ல தம்பி" என்றார். எர்த் என்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி. என் வண்டியில் அந்த போல்ட் வழியாகத்தான் மோட்டாருக்கு எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை மோட்டார் உடம்பில் தொட வைத்ததும் விருட்டென்று சுற்றியது. டிக்கியில் கிடந்த பழைய மோட்டாருக்கும் நேராகப் பேட்டரி கொடுத்துப் பார்த்தார். ஸ்லோ, ஃபாஸ்ட் இரண்டும் ஓடியது. ஒன்றுமே ஆகாத மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்குப் புதுசு விற்றிருக்கிறார்கள்!

புது மோட்டார் கொஞ்ச நாள் ஓடிய ரகசியமும் அதுதான். போல்ட்டைக் கழற்றி முறுக்கியதில் துரு கொஞ்சம் உரசிப் போய் எர்த் பிடித்தது. அடுத்த மழையில் மறுபடியும் தண்ணீர் நின்று மறுபடியும் துரு. இலையை அள்ளிப் போட இரண்டு கை போதுமே ஐயா! கவரைத் திறந்து, அந்தச் சேற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மோட்டாரை மட்டும் மாட்டிவிட்டு மூடியிருக்கிறீர்களே, மனசு எப்படி வந்தது?

மாட்டியதாவது ஒழுங்கா? சுவிட்சை அணைத்தால் பிளேடு கண்ணாடியின் அடியில் போய்ப் படுக்க வேண்டும். அதற்கு மோட்டாருக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. புது மோட்டாரைச் சும்மா ஒருமுறை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, அது தானாக வந்து நிற்கிற இடத்தில்தான் கிராங்கை, அதாவது மோட்டாரின் சுற்றலை வைப்பருக்குக் கொடுக்கிற கையை, மாட்ட வேண்டும். இவர்கள் கைக்கு வந்தபடி மாட்டியதால் இத்தனை நாளும் பிளேடு டிரைவர் கண்ணுக்கு நேரே குறுக்காக நின்றது. "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்று என்னிடமே சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டு, பிளேடு மட்டும் அசையவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்ற விடாதீர்கள். மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கிற லிங்க் ராடின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து கழன்றிருக்கலாம், இல்லாவிட்டால் வைப்பர் கையின் நட்டு லூசாகியிருக்கலாம். மெதுவாக ஓடுகிறது என்றால் லிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக வேகமாக ஓடினால் இறுக்கம் லிங்கில்தான். பார்க்க மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பெரியவர் போல்ட்டைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்துக் கொடுத்தார். வாங்கிய கூலி அந்த மோட்டார் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய், ஓடுகிற பழைய மோட்டாரைக் காட்டிப் பணத்தைக் கேட்டேன். பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, என்ன டெஸ்ட் செய்து மோட்டார் போச்சு என்று முடிவு செய்தீர்கள், அதை பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதவில்லை. பில்லும் பழைய மோட்டாரும் என்னிடம்தான் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அங்கே வந்து சொல்லட்டும்.