அகலிகையை நிம்மதியாகக் கல்லாக இருக்க விடுங்கள்

சனிக்கிழமை நடந்த புதுமைப்பித்தன் கதைகள் பற்றிய கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனதைப் பற்றி மூன்று நாட்களாக ஆளாளுக்கு எழுதியாயிற்று. சரி, நானும் எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. (கோபமும் இருந்தது.)

என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். பேச்சாளர் சொன்னபடி, புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையில் அகலிகை மீண்டும் கல்லானது துயரம் இல்லையாம், சமாதி நிலையாம். கல் என்றால் சலனமற்ற மனமாம். அரங்கமே கைதட்டியது. நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு இலக்கியம் தெரிகிறது, ஆன்மிக ருசிதான் பழகவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பேச்சாளர். அதற்கும் கைதட்டல்.

ருசி பழகாத நான் கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 'சாப விமோசனம்' வந்தது 1943-இல். ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்று கதையின் தலையிலேயே எழுதிவைத்தவர் அவர். சீதை வந்து அகலிகையிடம் தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். அவன் கேட்டானா என்கிறாள் அகலிகை. கேட்டார், செய்தேன் என்கிறாள் சீதை. தன்னைக் கல்லிலிருந்து மீட்ட அதே ராமனா? தனக்கொரு நீதி, சீதைக்கொரு நீதியா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இருப்பவளைத்தான் கோதமன் வந்து தழுவுகிறான். அந்தத் தழுவலே அவளுக்கு இந்திரனின் வேஷமாகப் படுகிறது. அப்போதுதான் இறுகிப்போகிறாள். கட்டிய கணவனின் கையையும் நம்ப முடியாமல் கல்லாகிப் போனவளைப் பார்த்து "ஆஹா, சமாதி" என்று கைதட்டுகிறோம்.

"'என்ன நிம்மதி' என்று கதையிலேயே வருகிறதே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வருகிறது, மறுக்கவில்லை. வலி தாங்காமல் மயங்கிப் போகிறவளுக்கும் அந்த நேரத்துக்கு நிம்மதிதான். அதைப் பேரானந்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். புதுமைப்பித்தன் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு வரி நீதி ஒட்டாதீர்கள்.

'மனித யந்திர'த்தையும் சும்மா விடவில்லையே. மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற கடைக் குமாஸ்தா. நாற்பத்தைந்து வருஷமாக அதே பாதை, அதே வீடு, அதே பலசரக்குக் கடை. ஒருநாள் ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று கிளம்புகிறார். ரயிலடி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார். பணத்தை வைத்துவிட்டு, செலவான ஓரணாவைத் தன் பற்றுக் கணக்கில் எழுதி, முதலாளியிடம் சொல்லியும் விடுகிறார். இதற்குப் பேச்சாளர் தந்த பொருள்: மனசாட்சி வென்றது. ஐயா, கதைக்குத் தலைப்பு 'மனித யந்திரம்'. யந்திரத்துக்கு ஏது மனசாட்சி? அந்த மனிதருக்குத் திருடக்கூடப் பழக்கமில்லாமல் போய்விட்டது. அந்த ஓரணாவைப் படிக்கும்போது எனக்கு அழுகை முட்டும். அங்கே தர்மம் ஜெயித்தது என்று தோன்ற வேண்டுமானால் ஒருவர் எவ்வளவு பெரிய முதலாளியாக இருக்க வேண்டும்!

என் கதைகள் உலகத்துக்கு உபதேசம் செய்து உய்விக்கும் ஸ்தாபனம் அல்ல, பிற்கால நல்வாழ்வுக்கான இன்ஷியூரன்ஸும் அல்ல என்று 'காஞ்சனை' முன்னுரையில் அந்த மனிதரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எண்பது வருஷம் கழித்து நாம் அவர் பேரிலேயே பாலிசி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

உடனே வருவார்கள், தெரியும். எழுதியவன் சொன்னதா முக்கியம், வாசகனுக்குச் சுதந்திரம் இல்லையா? இருக்கட்டுமே. அந்தச் சுதந்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அன்றைக்கு மட்டும் ஏன் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை? "நீங்கள் சொல்வதும் ஒரு விளக்கம்தானே, நீங்கள் மட்டும் எங்கே நிறுத்தினீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.

அப்படியானால் புதுமைப்பித்தனிடம் ஆன்மிகமே இல்லையா? யார் அப்படிச் சொன்னது? 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து, தெருவில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். காப்பி குடிக்கிறார், வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்ட வைக்கப்படுகிறார், பிள்ளையின் குழந்தையோடு விளையாடுகிறார். எட்ட நின்று வரம் கொடுக்கத்தான் முடியும், உங்களோடு கூட இருந்து வாழ முடியாது என்று கடைசியில் ஒப்புக்கொண்டு போகிறார். கடவுளையே இப்படி ஒப்புக்கொள்ள வைத்தவரிடம் ஆன்மிகம் இல்லையென்று நான் சொல்வேனா? ஆனால் அந்தக் கதையில் தெய்வமாக எனக்குப் படுவது அந்தக் குழந்தைதான். இது என் ருசி. பழகாத ருசி.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'செல்லம்மா'ளை எடுத்தபோதுதான் முடியவில்லை. "நோய் என்பது தவம். செல்லம்மாள் கரைகிறாள், பிரமநாயகம் பிள்ளை பற்றறுக்கிறார்" என்றார். அந்தப் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஒழுங்காகச் சம்பளம் வராது. மனைவியின் கடைசி மூச்சு அடங்கியபின் வெந்நீர் போட்டு உடலைக் குளிப்பாட்டுகிறார். இதில் எங்கே பற்றறுத்தார்? புதுமைப்பித்தனே 1948-இல் காசநோயில் போனார், வயது 42. அந்த இருமலுக்கும் யாராவது சீக்கிரம் ஞானப் பொருள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அம்மா படுக்கையில் கிடந்தது இரண்டு வருஷம். படுக்கைப் புண் வரக்கூடாது என்று இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி முறையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார் அப்பா. வந்து பார்த்த உறவுக்காரர்கள் கர்மா என்றார்கள், போன ஜென்மத்துக் கணக்கு என்றார்கள், இதுவும் ஒரு தவம் என்றார்கள். அப்பா எல்லாருக்கும் தலையாட்டுவார். அவர்கள் போனபிறகு இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். அம்மா போய் ஒரு மாதம் வரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, காலிக் கட்டில் பக்கத்தில் போய் நிற்பார். தவம் என்று சொன்னவர்கள் யாரும் அந்த ஒரு மாதத்தில் வரவில்லை. அதனால்தான் அந்த வார்த்தையை மைக்கில் கேட்டபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இலக்கியத்தில் சொந்தக் கதையைக் கலக்கக்கூடாது என்பீர்கள். கலந்துவிட்டது, என்ன செய்ய.

பேச்சாளர் மேல் எனக்குப் பகை இல்லை. படித்தவர், நன்றாகவே பேசினார். அடுத்த மாதம் எழுத்தாளர் மௌனியின் கதைகளாம். நான் வரவில்லை.

பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. செல்லம்மாள் கதையை அவருக்கு எப்போதோ படித்துக் காட்டியிருக்கிறேன். இறங்கும் இடம் நெருங்கும்போது கேட்டார்: "அவ முகத்துல உக்கார்ற ஈயை அவர் விசிறியால ஓட்டிக்கிட்டே இருப்பாரே, அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே?"