வாட்டம் இல்லாத தரையும் வாய் கூசாத பதிலும்

வடிகாலை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, இல்லாத குளியலறைத் தரையை முடித்துக் கொடுத்துவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு போக ஒரு மனிதருக்கு எப்படித்தான் மனம் வருகிறது? வீட்டைப் புதுப்பித்துக் குடியேறியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். பழைய தரையை உடைத்து, பழைய குழாய்களைப் பிடுங்கி எறிந்து, மாதக்கணக்கில் தூசியைத் தின்று, ஒருவழியாக வேலை முடிந்தது என்று சாவியை வாங்கிய பிறகு பார்த்தால், ஊற்றுகிற தண்ணீர் வடிகால் இருக்கும் மூலைக்குப் போகாமல் கதவை நோக்கி வருகிறது. தேங்கி நின்றாலாவது துடைத்துத் தொலைக்கலாம். இது நடந்து வருகிறது. வாசல் கல்லுக்கும் டைலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கி, படுக்கையறைப் பக்கம் ஈரமாகக் கசிகிறது. புதிதாக வைத்த கதவு நிலையின் அடிப்பாகம் அதற்குள் ஊறிக் கறுத்துவிட்டது.

நாம் கேட்பது என்ன பெரிய அதிசயமா? ஒரு மீட்டர் தூரத்துக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் சரிவு, அதாவது சுண்டுவிரல் தடிமன். அதைக் கொடுத்தால் தண்ணீர் தானாகப் போய்விடும். அதற்கு மேல் யாரும் அதனிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று, மேடான பக்கம் குமிழி நகர்ந்து மட்டத்தைக் காட்டும் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழி நேராக வடிகால் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் அந்த அறையிலேயே மிகத் தாழ்வாக இருக்க வேண்டிய இடம் மேடாக இருக்கிறது, மேடாக இருக்க வேண்டிய வாசல் பள்ளமாக இருக்கிறது. கை தவறி ஒரு டைல் கோணலாகிவிட்டது என்றால் மன்னித்துவிடலாம். ஒரு முழுத் தரையும் எதிர்ப்பக்கம் சரிந்திருப்பதை அந்தத் தரையில் மண்டியிட்டு வேலை செய்தவர் கவனிக்கவில்லை என்பதை நான் எப்படி நம்புவது?

கான்ட்ராக்டரை வரவழைத்தேன். வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் நின்று, தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புது டைல்ஸ் சார், வழவழப்பு கொஞ்சம் குறைஞ்சா தண்ணி தானா ஓடிடும்" என்றார். வழவழப்பு இருக்கும்போதே ஓடாத தண்ணீர், அது குறைந்த பிறகு எப்படி ஓடும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, வடிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று அதன் வாய்மேலேயே ஊற்றி, "பாருங்க, போகுதுல்ல" என்றார். போகாமல் என்ன செய்யும், ஓட்டைக்குள் ஊற்றினால்! வாளியை எடுத்துக் குழாயடியில் நான் ஊற்றினேன். தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனது. அவர் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். பிறகு, கொத்தனார் புது ஆள் என்றார். அந்தக் கொத்தனாரையே போனில் பிடித்துக் கேட்டால், கீழே இருக்கும் பழைய தளமே அப்படித்தான் இருக்கிறது என்கிறார். பழைய தளத்தின் மேட்டையும் பள்ளத்தையும் சரிசெய்து வாட்டம் பிடிப்பதற்குத்தானே அதன்மேல் கலவை போடுகிறோம்? அதைச் செய்வதற்குத்தானே அவரை அழைத்தது? கடைசியில் கான்ட்ராக்டர் என் தோளில் கை வைத்து, "குளிச்சு முடிச்சதும் ஒரு வைப்பரைப் போட்டுத் தள்ளிவிட்டா போதும் சார், எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்ற அந்த ஒரு வாக்கியத்தை இந்தத் தொழிலில் இருந்து யாராவது தடை செய்ய வேண்டும். என் வீட்டில் அவர் செய்த தவறுக்கு, முகம் தெரியாத மற்ற வீட்டுக்காரர்களின் பொறுமையைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

அத்தோடு நிற்கவில்லை, தீர்வும் சொன்னார். வாசலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டால் தண்ணீர் வெளியே வராதாம். வராதுதான். உள்ளேயே குளம் கட்டி நிற்கும், வயதானவர்கள் வரம்பில் கால் தடுக்கி அந்தக் குளத்திலேயே விழுவார்கள். இதையெல்லாம் "சின்ன வேலைதான் சார்" என்று சொல்கிற வாய்க்குக் கூச்சமே இல்லை. வாட்டம் என்பது டைலில் இருப்பதில்லை, டைலுக்குக் கீழே உள்ள கலவைப் படுகையில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டுமானால் டைலைப் பெயர்க்க வேண்டும், கலவையை உடைக்க வேண்டும், உடைக்கும்போது அதற்கும் கீழே பூசிய நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கிழியும், அதையும் திரும்பப் பூச வேண்டும். இது சின்ன வேலையல்ல என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தப் பூச்சை உண்மையாகவே பூசினார்களா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் நிறுத்தி, கீழ்த்தளத்துக் கூரையிலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் இறங்குகிறதா என்று பார்ப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. செய்தீர்களா என்று கேட்டால், "ஆளுங்க பண்ணியிருப்பாங்க" என்ற பதில் வருகிறது. பொறுப்பை வாங்கிக்கொண்டவர் 'பண்ணியிருப்பாங்க' என்று சொல்வதற்காக நாம் இவ்வளவு செலவு செய்யவில்லை. வடிகாலின் சல்லடை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, டைல் இடுக்குகளை நிரப்பும் கிரௌட் கரைசல் கல்லாக இறுகிக் கிடக்கிறது, நடுவில் டைல் இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் சிலுவை சிலுவையாகப் புதைந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் வாளியை அங்கேயே கழுவி ஊற்றியிருக்கிறார்கள். வழிதவறி அந்தப் பக்கம் போகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் இறங்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை பசையை அப்பி அழுத்தியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வெற்றிடம், தட்டினால் பொள்ளென்று கேட்கிறது. பசையைப் பல் கரண்டியால் முழுப் பரப்புக்கும் இழுத்துப் பரப்பியிருந்தால் இந்தச் சத்தம் வராது. நாளை கனமான பாத்திரம் ஒன்று மூலையில் விழுந்தால் டைல் விரியும், விரிந்ததும் "நீங்கதான் போட்டு உடைச்சிட்டீங்க" என்பார்கள். சுவர்களைப் பற்றித் தனியாக எழுத எனக்குத் தெம்பில்லை: ஈரம் காயாத பூச்சின்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், குழாய் பதித்த வழியெல்லாம் பொருமிக்கொண்டு வருகிறது.

தண்ணீரையும் பெயிண்டையும்கூட ஒருவிதத்தில் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, வெளியிலிருந்து நான் அழைத்து வந்த எலக்ட்ரீஷியன், ஹீட்டருக்கான சுவிட்ச் போர்டைத் திறந்து காட்டியதுதான். பச்சை நிற எர்த் ஒயர் பெட்டிக்குள் வருகிறது, வந்து, முனை வெட்டப்பட்டு, மடித்து ஓரமாகச் செருகப்பட்டிருக்கிறது. எதிலும் இணைக்கவில்லை. வெளியே பளபளவென்று மூன்று துளைகள். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எர்த் சரியாக இருந்தால், ஹீட்டரின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்த உடனேயே, 30 மில்லியாம்பியர் கசிவுக்கு விழுகிற காப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு, ஈரக் கையோடு குழாயைத் தொடப்போகிறவருக்காகக் காத்திருக்கும். ஒரு திருகைத் தளர்த்தி, ஒயரைச் செருகி, மீண்டும் முடுக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தை மிச்சப்படுத்த ஒருவர் துணிந்திருக்கிறார். அந்த ஹீட்டரில் என் வீட்டுக் குழந்தைகள் குளிக்கிறார்கள்.

இவர்களுக்கு வேலை தெரியாது என்று மட்டும் யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கூடத்தில் இருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் டைல் கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன. கூரை விளக்குகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. கதவுப் பிடிகளில் ஒரு கீறல் கிடையாது. கண்ணில் படுகிற இடத்தில் இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த அதே கைகள்தான் மூடி மறைக்கிற இடத்தில் எல்லாம் ஏமாற்றியிருக்கின்றன. எது வெளியே தெரியும், எது தெரியாது என்று கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அவசரம், ஆள் பற்றாக்குறை, மழை என்று எத்தனை காரணம் சொன்னாலும் இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

இன்று மாலை அவர் மீதித் தொகைக்கான பட்டியலை அனுப்பியிருக்கிறார். அதில் 'வாசலில் வரம்பு கட்டுதல்' என்று, கட்டவே கட்டாத, நான் ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாத அந்த வரம்பு, கூடுதல் வேலையாகத் தனித் தொகையோடு ஏறியிருக்கிறது. என் பதிலை எழுதி அனுப்பிவிட்டேன்: முதலில் எர்த் ஒயரை என் எலக்ட்ரீஷியன் முன்னிலையில் இணைக்க வேண்டும், பிறகு தரையை உடைத்து, பூச்சு பூசி, தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க என் கண்ணெதிரே நிறுத்திக் காட்டி, வாட்டம் பிடித்து, டைலை முழுப் பசையில் ஒட்டித் தர வேண்டும். அதுவரை மீதித் தொகையில் ஒரு காசுகூட நகராது.